கிண்ணத்தோட சேத்துத்தான் எடை

உட்காருங்க தம்பி. இப்பவே அந்தத் தராசுல எடைக்கல்லை வெக்காதீங்க. காலையில கரண்ட் போயிட்டு வந்துச்சு. பேலன்ஸ் நிதானத்துக்கு வர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். சென்னையில இருந்து பேலன்ஸ் சரிபாக்க வர்ற ஆளு நீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா.

போன வருஷம் வரைக்கும் வேற ஒருத்தர் வருவாரு. அவரு ஒண்ணும் கேக்க மாட்டாரு. நீங்க வந்ததும் வராததுமாக் கேட்டுட்டீங்க, ஏன் மேடம் ஒவ்வொரு உலோகத் துண்டுக்கும் மூடி போட்ட பீங்கான் கிண்ணம் வெச்சிருக்கீங்கன்னு. கேட்டதனால சொல்றேன். எனக்குச் சுருக்கமாச் சொல்ல வராது, அதை மட்டும் இப்பவே சொல்லிப்போடறேன்.

இந்த ஃபவுண்டரியில ஒரு பக்கம் சாதாரண இரும்பு ஊத்தறோம். இன்னொரு பக்கம் சூடு தாங்கற உலோகம். ஓசூர் பக்கத்துல ஒரு கம்பெனி எங்ககிட்ட பர்னர் நாசில் வாங்கிட்டிருந்தாங்க. நாசில்னா, கேஸ் எரிஞ்சு தீயா வெளிய வர்ற வாய். ஆயிரத்து நூறு டிகிரி. சூடு மட்டும்னா பரவாயில்லீங்க. எரிஞ்சு வர்ற அந்தக் காத்து இருக்கு பாருங்க, அது உலோகத்தை அரிச்சுத் தின்னுபோடும். வெளிநாட்டு நாசில் ரெண்டு வருஷம் வருது, உங்களுது நாலே மாசத்துல உதிர்ந்து போகுதுன்னு லெட்டர் போட்டாங்க.

எங்க முதலாளி சேனாபதி ரோஷக்காரரு. நாமளே ஒரு உலோகம் பண்ணிக் காட்டலாம்னு முடிவு பண்ணி, டாக்டர் பரசுராமனைக் கூட்டிட்டு வந்தாரு. வைத்தியம் பாக்கற டாக்டர் இல்லீங்க, உலோகத்துல பி.எச்.டி. கவர்மென்ட் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து ரிட்டையர் ஆனவரு. வெள்ளைச் சட்டையில நாலு பேனா. நல்ல மனுசன்தான்னு எல்லாரும் சொல்லுவாங்க. நான் சொல்ல மாட்டேன்.

வேலை எப்படின்னா, டாக்டர் கணக்கு எழுதித் தருவாரு. குரோமியம் இவ்வளவு, நிக்கல் இவ்வளவு, சிலிக்கான் இவ்வளவுன்னு. இன்னாசியண்ணன் அதைச் சின்ன ஃபர்னஸ்ல உருக்கி ஊத்துவாரு. இன்னாசியண்ணன் கருமத்தம்பட்டிக்காரரு, இங்க மெல்ட்டரா இருந்தவரு. ஊத்துனதை அஞ்சு ரூபாக் காசு அளவுல துண்டு துண்டா அறுத்து, எரியற கேஸ் போற குழாய் ஃபர்னஸ்ல வெப்போம். இருபது மணி நேரம். எடுத்து, ஆற வெச்சு, நான் எடை போடுவேன். மறுபடி உள்ள. மறுபடி இருபது மணி நேரம். இப்படியே ஒரு வருஷம். நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிங்க. எடை போடறது சின்ன வேலைன்னு யாராச்சும் சொன்னா எனக்குக் கோவம் வரும்.

உலோகம் சூட்டுல ஆக்சிஜனைப் பிடிச்சு வெச்சுக்கும். அதனால எடை கூடும். கொஞ்சமாக் கூடி நின்னுபோச்சுன்னா நல்ல உலோகம். மேல மெல்லிசா ஒரு தோல் கட்டிக்கிட்டு, இதுக்கு மேல உள்ள விடமாட்டேன்னு நிக்குதுன்னு அர்த்தம். கூடிட்டே போனா உள்ளுக்குள்ள எரிஞ்சுட்டே இருக்குன்னு அர்த்தம்.

பதினாலாவது உருக்குல எடை கூடவே இல்லீங்க. அறுபது மணி நேரம், எண்பது மணி நேரம், நூறு. இருந்த இடத்துலயே நிக்குது. டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. முதலாளி லட்டு வாங்கியாரச் சொல்லி எல்லாருக்கும் கொடுத்தாரு. நானும் தின்னேன். தின்னுபோட்டு வந்து ஃபர்னஸ் தட்டைத் துடைக்கறேன், அடியில கறுப்பாச் செதில் செதிலாக் கிடக்குது.

டாக்டர் சொல்லிக் கொடுத்த முறை என்னன்னா, துண்டை வெளிய எடுத்ததும் பிரஷ்ஷால லேசாத் தட்டிட்டு எடை போடணும். ஒட்டியிருக்கறது ஃபர்னஸ் செங்கல்லோட தூசி, அதை எடை போடக்கூடாதும்பாரு. நான் அந்தச் செதிலைக் காகிதத்துல கொட்டி, அடியில காந்தத்தை நகர்த்திப் பாத்தேன். செதிலும் கூடவே நகருது. செங்கல் தூசி காந்தத்துக்குப் பின்னால போகுமாங்க?

அதைக் கொண்டுபோய் டாக்டர் டேபிள்ல வெச்சேன். தோல் கட்டுது சார், ஆறும்போது உரிஞ்சு விழுது. மறுபடி கட்டுது, மறுபடி விழுது. கூடின எடையெல்லாம் கீழ விழுந்து கிடந்தா தராசுல எப்படித் தெரியும், இந்த உலோகம் கரைஞ்சுட்டு இருக்கு சார்னு சொன்னேன். அவரு நிமிந்துகூடப் பாக்கலை.

“கலாவதி, நீங்க எடை போடுங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு நான் பாத்துக்கறேன்” அப்படின்னாரு.

நல்லாக் கேட்டுக்குங்க தம்பி. நான் எடை போடணுமாம், அர்த்தம் அவரு பாத்துக்குவாராம்.

அன்னிக்குத்தான் இந்தக் கிண்ணம் வந்துச்சு. ஸ்டோர்ல பழசு ஏழெட்டு கிடந்துச்சு. துண்டைக் கிண்ணத்துல போட்டு, கிண்ணத்தோடவே ஃபர்னஸ்ல வெச்சேன். வெளிய எடுத்ததும் மூடி போட்டுருவேன். உரிஞ்சு விழுந்தாலும் கிண்ணத்துக்குள்ளதானே விழணும். கிண்ணத்தோட சேத்து எடை. யாரும் எங்கிட்டச் சொல்லலை, நானாப் பண்ணினேன். இது பெரிய கண்டுபிடிப்பு இல்லை, ரொம்ப நாளா இருக்கற முறைதான்னு அப்பறம் டாக்டர் சொன்னாரு. இருந்துட்டுப் போகட்டும். இந்த லேப்ல பண்ணினது நான்தானே. நூறு மணி நேரம் கழிச்சுப் பாத்தா, இருக்கறதுலயே மோசம் பதினாலாம் நம்பர்தான்.

ரிப்போர்ட் டைப்பாகி வந்துச்சு. கடைசிப் பக்கத்துல ‘எடை போட்டவர்’னு ஒரு கட்டம். நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிப்போட்டேன். டாக்டர் கேட்டாரு, மாட்டேன். முதலாளி கூப்பிட்டு, ஏனம்மிணி, நாற்பது நாசிலுக்கு வாக்குக் கொடுத்தாச்சு, ஒரு கையெழுத்துக்கு இத்தனை ரகளையான்னாரு. நான் எழுதின நம்பர் எல்லாம் சரிங்க, ஆனா அந்த நம்பர் பொய் சொல்லுதுங்கன்னேன். அவருக்குப் புரியலை. எங்க வீட்டுக்காரருக்கும் புரியலை. போட்டுட்டு வேலையைப் பாரேன் கலான்னாரு. அவருகூடப் பத்து நாள் பேசலை. அவருதான் எங்கூடப் பேசலைன்னு இன்னிக்கும் சொல்லிட்டிருக்காரு.

ரிப்போர்ட் என் கையெழுத்து இல்லாமப் போச்சு. என்னைத் தூக்கி மணல் லேப்ல போட்டாங்க. அச்சு மணல்ல ஈரம் எவ்வளவு, சல்லடையில எவ்வளவு நிக்குதுன்னு பாக்கற வேலை. நான் அழுவேன்னு நெனச்சிருப்பாங்க. நான் கிண்ணத்தையெல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில போட்டு, எங்கூடவே எடுத்துட்டுப் போயிட்டேன்.

மணல் லேப் ஜன்னலுக்கு எதிர்லதான் லேடில் சூடு பண்ற பர்னர். லேடில்னா உருகின இரும்பு பிடிக்கற வாளிங்க. இரும்பு ஊத்தறதுக்கு முன்னால அதைத் தீயில காட்டிச் சூடு பண்ணணும். அந்தத் தீ வாயிலதான் இன்னாசியண்ணன் ஃபர்னஸ் மூடி தூக்கற கொக்கிகளைப் போட்டு வெச்சிருப்பாரு. ஒரு நாள் டீ நேரத்துல ரெண்டு கொக்கியைத் தூக்கிட்டு வந்து என் ஜன்னல்கிட்ட சிமெண்ட் தரையில போட்டாரு. ஆற ஆற ஒண்ணுல இருந்து டிக் டிக்னு சத்தம். கறுப்புத் தோலு தெறிச்சு விழுது. இன்னொண்ணு சும்மா கிடக்குது. சாம்பல் நிறத்துல, ஒரு செதில்கூட விழலை.

என்னங்கண்ணா இதுன்னேன். மிச்சமிருந்த உலோகத்துல தனக்குன்னு ஊத்திக்கிட்ட கொக்கி அது, ஊத்தும்போது மூணு துண்டு லைட்டர் கல்லு மாதிரி ஒண்ணைப் போட்டேன்னாரு. சாதாரண இரும்புப் பக்கம் வெச்சிருப்பாங்க, மிஷ்மெட்டல்னு பேரு. உரசினாப் பொறி பறக்கும், அதுல சீரியம்னு ஒரு சாமான் இருக்குது. உலோகம் புகையாம நல்லா ஓடும்னு போட்டாராம். “எட்டு மாசமாத் தீயில கிடக்குதுங்க அம்மிணி, தோலு விடவே மாட்டேங்குது. உங்க கிண்ணத்துல இதைப் போட்டுப் பாருங்களேன்” அப்படின்னாரு.

அவரு சும்மா கொக்கியைத்தானுங்க காட்டினாரு. அதுல விசயம் இருக்குன்னு பாத்தது நானு. முனையில கொஞ்சம் அறுத்து, சோதனை பண்ணி, சீரியம் துளியூண்டு இருக்குன்னு கண்டுபிடிச்சதும் நானு. அதை அந்தப் பதினாலாம் நம்பர்ல சேத்தாத் தோலு ஒட்டி நிக்குமான்னு யோசிச்சதும் நானு. இன்னாசியண்ணன் இன்னும் ஏதோ சொல்ல வந்தாரு, எப்பப் போடணும், எவ்வளவு நேரத்துக்குள்ள ஊத்தணும்னு. நீங்க உருக்குங்கண்ணா, மத்ததை நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்.

மூணு தடவை உருக்கினாரு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல, பத்துப் பத்துக் கிலோ. மூணாவது தடவை சூப்பர்வைசர் பாத்துட்டாரு. ஸ்டோர் சீட்டு இல்லாம நிக்கல் எடுத்து உருக்கினாருன்னு இன்னாசியண்ணனை ஒரு வாரம் சஸ்பென்ட் பண்ணிட்டாங்க. யாரு சொல்லிப் பண்ணினேன்னு கேட்டதுக்கு அவரு வாயே திறக்கலை. நான் சொல்லியிருப்பேனுங்க. சத்தியமாச் சொல்லியிருப்பேன். எங்கிட்ட யாரும் கேக்கலை.

அந்த வாரம் எனக்கும் வேலை நெறைய. துண்டு அறுக்கணும், கிண்ணம் காய வெக்கணும். மணல் லேப்ல ஈரம் பாக்கற சின்ன ஃபர்னஸ் அவ்வளவு சூடு போகாது. அதனால பழைய லேப் ஃபர்னஸ்ல ஓரமா என் கிண்ணத்தை வெச்சுக்கறேன்னு டாக்டர்கிட்டக் கேட்டேன். கேட்டேன்னா, கெஞ்சலை, கேட்டேன். அவரு என்ன ஏதுன்னு கேக்காம சாவியைக் கொடுத்தாரு. ஏன் கொடுத்தாருன்னு எனக்குத் தெரியாது. குத்த உணர்ச்சியா இருக்கும்.

பதினாலாம் நம்பர்ல ஊத்தின நாற்பது நாசிலும் போன பதினோராவது வாரம் ஓசூர்ல இருந்து ஃபோன். நாசில்ல இருந்து தோலு உரிஞ்சு விழுந்து, கேஸ் வர்ற ஓட்டையை அடைச்சு, ஃபர்னஸ் நின்னுபோச்சு. நாற்பதையும் கழட்டிட்டாங்க. யாருக்கும் அடி கிடி இல்லை, அதுவரைக்கும் நல்லது.

டாக்டர் மணல் லேப்புக்கு வந்தாரு. நான் சல்லடை ஆட்டிட்டிருந்தேன். ஆட்டி முடிக்கற வரைக்கும் அவரை ஸ்டூல்ல உக்கார வெச்சேன். இருபது நிமிசம். உக்காந்திருந்தாரு. அப்பறம், “நீங்க சொன்னது சரி. நான் பாக்க விரும்பலை, அதான் பாக்கலை. உங்க நோட்டைக் கொடுங்க” அப்படின்னாரு. நோட்டை வாங்கி நின்னபடிக்கே படிச்சாரு. புதுசு மூணு உருக்குல ரெண்டாவதோட பக்கத்துக்கு வந்ததும் உக்காந்துட்டாரு. கிண்ணத்தோட எடை போட்டும் கூடலை, கிண்ணத்துல தூசியும் இல்லை. தோலு விடாம நிக்குது.

அப்பறம் அவரும் சேந்துக்கிட்டாரு. மூணாவதுல சீரியம் கூடிப்போச்சு, அதனால உடைஞ்சுது, பத்தாயிரத்துல அஞ்சு பங்குக்கு மேல போகக்கூடாதுன்னு ஏதோ அளவைச் சரி பண்ணினாரு. ரெண்டு மாசம் ராப்பகலா உக்காந்து பண்ணினாரு, பண்ணலைன்னு சொல்லலை. ஆயிரம் மணி நேரம் ஓட்டினோம். அந்த உலோகத்துல ஊத்தின நாசில் ஓசூர்ல இப்ப மூணாவது வருஷமா ஓடிட்டிருக்கு. போய்க் கேட்டுப் பாருங்க.

எனக்குப் பேரு மேல ஆசையெல்லாம் இல்லீங்க. ஆனா முன் ஆபீஸ்ல போர்டு வெச்சாங்க பாருங்க, நாசில் படம், டாக்டர் படம், டாக்டர் பேரு. நேரா முதலாளி ரூமுக்குப் போனேன். சேர்ல ஆளுங்க உக்காந்திருந்தாங்க, இருக்கட்டும்னுட்டேன். என்னை மணலுக்கு அனுப்பினது நீங்க, இன்னிக்கு அந்த நாசிலைக் காட்டி ஆர்டர் வாங்கறதும் நீங்க, என் பேரு எங்கன்னு கேட்டேன். மறுநாளே பேரு ஏறிச்சு. ‘திருமதி கலாவதி தங்கவேல்’. என்னைப் பழைய லேப்புக்கே அனுப்பினாங்க. வேற யாராச்சும் உண்டான்னு முதலாளி அப்பக் கேட்டாரு. இல்லைன்னேன். இன்னாசியண்ணன் அதெல்லாம் எதிர்பாக்கற ஆளு இல்லை, அவரு மனசு எனக்குத் தெரியும்னு நெனச்சேன். அடுத்த வருஷமே அவரு வேலையை விட்டுட்டு கணபதிங்கற ஏரியாவுல வேற ஃபவுண்டரிக்குப் போயிட்டாரு. வீட்டுக்குப் பக்கம்னு சொன்னாங்க. கருமத்தம்பட்டிக்கு கணபதி எப்படிப் பக்கம்னு நான் யோசிக்கலை.

இந்த மாசம் என்னாச்சுன்னா, எங்க ஃபவுண்டரி முதலாளிங்க சங்கத்துல இந்த உலோகத்துக்கு விருது கொடுக்கறாங்க. ஃபாரம் வந்துச்சு. கண்டுபிடிச்சவங்க பேருன்னு ரெண்டு வரி. நான் ரெண்டு பேரு எழுதினேன். டாக்டர்கிட்டச் சம்மதம் வாங்கணுமேன்னு அவரு இப்ப இருக்கற ஸ்ரீரங்கத்துக்கு ஃபோன் போட்டா, அவரு, இன்னாசி பேரு எங்க கலாவதின்னாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. இவருக்கு என்னங்க, பெரிய மனுசன்னு பேரு வாங்க இது ஒரு வழி. நான் சண்டை போட்டுத்தானே வாங்கினேன், இன்னாசியண்ணனும் வந்து கேக்கட்டும்னு சொன்னேன். டாக்டர், ரெண்டு வரிதான் இருக்குன்னா என் பேரை எடுத்துடுங்கன்னு மட்டும் சொல்லி வெச்சுட்டாரு.

மறுநாள் லீவு போட்டு கணபதிக்குப் போனேன். அவரை வந்து கேக்கச் சொல்லத்தான் போனேன், வேற ஒண்ணுக்கும் இல்லை. ஃபவுண்டரி வாசல்ல நின்னேன். துண்டைத் தோள்ல போட்டுட்டு வந்தாரு, முடியெல்லாம் நரைச்சுப்போச்சு. விருது விசயம் சொன்னேன். நீங்கதான் பேரெல்லாம் வேண்டாம்ங்கற ஆளாச்சே, அதான் போடலைன்னேன்.

“வேண்டாம்னு நான் எப்பங்க சொன்னேன்?”

அவரு சத்தமாப் பேசலை. எப்பவும் பேசற மாதிரிதான் பேசினாரு. நான் பதில் யோசிக்கறதுக்குள்ள இன்னொண்ணும் சொன்னாரு. “பேரு கூட விடுங்க. அந்த ஒரு வாரம் வீட்ல உக்காந்திருந்தேன். நீங்க ஒருக்கா வந்து எட்டிப் பாத்திருக்கலாம்.”

ஃபர்னஸ் ரெடின்னு உள்ள இருந்து கூப்பிட்டாங்க. போயிட்டாரு.

நான் திரும்பி வந்து நேரா முதலாளி ரூமுக்குத்தான் போனேன். மூணு பேரு வேணும்னேன். உருக்கறவங்க பேரெல்லாம் எழுதினா சங்கத்துல சிரிப்பாங்க அம்மிணின்னாரு. சிரிக்கட்டும்னேன். ரெண்டு வரிதான் இருக்குன்னாரு. ஓரத்துல எழுதறேன்னேன். டாக்டரே விட்டுக் கொடுத்துட்டாரு, அப்ப உங்க ரெண்டு பேரைப் போட்டுக்கங்கன்னாரு. அதுவும் ஆகாது, அளவைச் சரி பண்ணினது டாக்டரு, மூணு பேரு இல்லைன்னா நான் கையெழுத்துப் போடலைன்னுட்டேன். என் கையெழுத்து இல்லாம ஒருக்கா ரிப்போர்ட் அனுப்பினீங்களே, இதையும் அனுப்பிப் பாருங்கன்னேன். அப்பறம் என்னவோ பண்ணுன்னு ஃபாரத்தை இந்தப் பக்கம் தள்ளினாரு. ஓரத்துல என் கையாலயே எழுதி அனுப்பினேன். இன்னாசியண்ணன் கேட்டாருன்னு எழுதலீங்க. நியாயம்னு எழுதினேன். அதை யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது.

நேத்து அதோட நகலை எடுத்துட்டு மறுபடி கணபதிக்குப் போனேன். கையைத் துடைச்சுட்டு வாங்கினாரு. தூரமா வெச்சு, கிட்ட வெச்சுப் படிச்சாரு. எஸ். இன்னாசின்னு எழுதியிருந்தேன். அவங்கப்பா சவரிமுத்துதானே, இங்கதான் முன்னால மணல் அச்சுப் போட்டுட்டிருந்தாருன்னு எனக்கு நல்லா ஞாபகம்.

“சவரிமுத்து எங்க மாமனாருங்க அம்மிணி. எங்கப்பா பேரு அந்தோணி” அப்படின்னு நகலை மடிச்சு எங்கிட்டயே கொடுத்தாரு. டீ குடிக்கறீங்களான்னு கேட்டாரு. குடிச்சேன்.

நாளைக்கு லீவு சொல்லியிருக்கேன். சங்கத்து ஆபீசுக்கு நேர்லயே போயி அந்த எழுத்தை மாத்தப் போறேன். அனுப்பினதுக்கு அப்பறம் திருத்த முடியாதும்பாங்க. முடியாதுன்னா அங்கயே உக்காந்துக்குவேன், எனக்கு உக்காரத் தெரியும். பதினோரு வருஷம் கூட வேலை பாத்தவரோட அப்பா பேருகூடத் தெரியாதான்னு அங்க எவனாச்சும் கேப்பான். கேக்கட்டும்.

ஆமா, தெரியாதுன்னு சொல்லுவேன்.